கொழும்பிலிருந்து அலகல்ல மலைக்கு: முதன்முறை ஏறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வசிக்கும் நம்மில் பலருக்கு மலையேற்றம் என்றால் சிவனொளிபாத மலைதான் நினைவுக்கு வரும். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் பருவத்தில், இரவு முழுவதும் விளக்கு எரியும் படிக்கட்டில், தேநீர்க் கடைக்குத் தேநீர்க் கடை இளைப்பாறி, விடியும் நேரம் உச்சியில் நின்றிருப்போம். 2,243 மீற்றர் உயரத்தை ஏறி இறங்கியவர்களுக்கு 1,140 மீற்றர் உயரமுள்ள அலகல்ல ஒரு காலை நடையாகத்தான் தெரியும். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் முறை போனேன். நண்பர்கள் நால்வர் சாவகாசமாகக் காலை உணவை முடித்து, பதினொன்றரை மணிக்கு அடிவாரத்தில் நடக்கத் தொடங்கினோம். பிற்பகல் மூன்றேகாலுக்கு உச்சிக்குச் சற்றுக் கீழே, தலைக்கு மேல் வளர்ந்த மானாப்புல்லுக்குள் நின்றபோது இடி முழங்கியது. மழை பிடித்துக்கொண்டது. திரும்பி இறங்கும்போது இருட்டிவிட்டது. நால்வருக்கும் சேர்த்து எஞ்சியிருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசியின் வெளிச்சம். அன்று யாருக்கும் கால் முறியாமல் போனதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

சிவனொளிபாத மலையில் படியும் விளக்கும் கூட்டமும் நம்மைத் தாங்கிக்கொள்கின்றன. அலகல்லவில் அவை எதுவும் இல்லை. அங்கே நம்மிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு நேரம். அதிகாலையில் ஏறுபவர்களுக்கு விலங்குகள் தெரியும், உச்சியில் காட்சி திறந்திருக்கும், இடிமழைக்கு முன் இறங்கிவிடலாம். பிந்தி ஏறுபவர்களுக்கு இந்த மூன்றும் கைநழுவும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எந்த மாதம் போவது

அலகல்ல, மத்திய மாகாணமும் சப்ரகமுவ மாகாணமும் தொடும் எல்லையில், கண்டிக்கும் கேகாலைக்கும் இடையே நிற்கும் மலைத்தொடர். கண்டி இராச்சியத்துக்கு அது இயற்கை அரணாக இருந்தது. கரையோரத்திலிருந்து படை வந்தால் மேலிருந்து முதலில் பார்த்துவிடலாம். பக்கத்திலுள்ள ‘பலன’ என்ற ஊரின் பெயரே சிங்களத்தில் பார்ப்பதைக் குறிப்பது. போர்த்துக்கேயர் கண்டியைப் பிடிக்க முயன்ற காலத்தில் பலன கணவாய்க்காகவே சண்டைகள் நடந்தன.

முதன்முறை போகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையான நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரலில் காலை நன்றாக இருக்கும், ஆனால் பிற்பகல் இடிமின்னல் அடிக்கடி வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேகாலை மாவட்டத்தில் மண் சரிவு என்பது வெறும் எச்சரிக்கை அல்ல. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலைச்சரிவு வீடுகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் மாலை இரண்டு தகவல்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை. மற்றது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. கேகாலைக்கோ கண்டிக்கோ எந்த நிற எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தை ஒத்திவையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னிருந்தே

கொழும்பு தட்டையான நகரம். காலிமுகத் திடலில் எத்தனை சுற்று நடந்தாலும் மலைக்குத் தேவையான பலம் காலுக்கு வராது. நல்லவேளையாக நம்மிடம் அடுக்குமாடிகள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் மின்தூக்கியை மறந்துவிட்டு, முதுகுப்பையில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை வைத்துக்கொண்டு, நாள்தோறும் இருபது நிமிடம் படியேறி இறங்குங்கள். இறங்குவதைத் தவிர்க்காதீர்கள். மூச்சு வாங்குவது ஏற்றத்தில், முழங்கால் நோவது இறக்கத்தில். பழகாத தொடைத் தசைகள் இறக்கத்தில்தான் நடுங்கத் தொடங்கும். சறுக்கி விழுபவர்களில் பெரும்பாலானோர் விழுவது அப்போதுதான்.

சப்பாத்தை இந்த இரண்டு வாரத்துக்குள் போட்டுப் பழகிவிடுங்கள். விலை முக்கியமில்லை, அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும், பெருவிரல் முன்பக்கம் இடிக்கக் கூடாது. புதுச் சப்பாத்தை மலையில்தான் முதன்முதலாகப் போடுவேன் என்று வந்த ஒருவர், பாதி வழியில் குதிக்காலில் தோலுரிந்து திரும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பையில் வைக்க வேண்டியவை

தண்ணீர் ஒருவருக்கு இரண்டரை லீற்றர். மருந்துக் கடையில் கிடைக்கும் ‘ஜீவனி’ பக்கற்றுகள் இரண்டு. வியர்வையில் உப்புப் போய்க் கால் பிடித்துக்கொள்ளும்போது வெறும் தண்ணீரை விட அது உதவும். உணவுக்குக் கச்சான், பேரீச்சம்பழம், பனங்கட்டித் துண்டு, வாழையிலையில் கட்டிய புளிச்சாதம் அல்லது ரொட்டியும் சம்பலும். மணக்க மணக்கக் கோழிக்கறியை எடுத்துப்போனால் குரங்குகள் முதலில் மணம் பிடிக்கும்.

முழுக் கையையும் மறைக்கும் மெல்லிய சட்டை, விரைவில் காயும் நீளக் காற்சட்டை, தொப்பி, மழை அங்கி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காலில் கல்லைக் கட்டியது போலிருக்கும். இரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறாமல் தடுக்கும் அட்டைக் காலுறையை மறக்கவே வேண்டாம். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணியில் தைத்த பை போன்ற உறை அது. கடையில் கிடைக்காவிட்டால் தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு டோர்ச் லைட், பகலில் திரும்பிவிடுவோம் என்று உறுதியாக இருந்தாலும். முழுதாக மின்னேற்றிய கைத்தொலைபேசி, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், ஒரு விசில், பன்டேஜ், நீங்கள் வழக்கமாக எடுக்கும் மாத்திரை. குளவி கொட்டினால் உடல் வீங்கும் தன்மை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அதற்கான மருந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து போவது எப்படி

மலைக்கு இரண்டு பக்க வழிகள் பேர்பெற்றவை. ஒன்று இஹலகோட்டே புகையிரத நிலையத்திலிருந்து தொடங்குவது. செங்குத்தானது, களைப்பூட்டுவது. மற்றது கடுகண்ணாவைக்கு அருகிலுள்ள பொத்தப்பிட்டியப் பக்கமிருந்து ஏறுவது. கடுகண்ணாவையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இந்தப் பக்கம் ஏற வேண்டிய உயரம் குறைகிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது பொத்தப்பிட்டிய வழிதான். ஏறிய வழியாலேயே இறங்குங்கள். மறுபக்கம் இறங்கிப் பார்க்கலாமே என்ற ஆசை உச்சியில் எல்லோருக்கும் வரும். அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து கடுகண்ணாவை கண்டி வீதியில் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்க வேண்டும் என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆறு, ஏழு பேர் சேர்ந்து வான் ஒன்றை அமர்த்தி அதிகாலை மூன்றரைக்குப் புறப்படலாம். இல்லையேல் முதல் நாள் மாலையே புறக்கோட்டையிலிருந்து இலக்கம் 1 கண்டி பஸ்ஸில் ஏறி, கேகாலை, மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவையில் இறங்கி, அங்கேயோ கண்டியிலோ தங்கிவிடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. தூக்கம் கெடாது, விடியும் முன் முச்சக்கர வண்டி பிடித்து அடிவாரத்துக்குப் போய்விடலாம்.

புகையிரதத்தை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 1867இல் கண்டி வரை திறக்கப்பட்ட அந்தப் பாதை ரம்புக்கனையிலிருந்து மலையேறும் அழகுக்கு ஈடு கிடையாது. ஆனால் கோட்டையிலிருந்து காலை வண்டியில் போனால் அடிவாரத்தை அடையும்போது வெயில் ஏறிவிடும். நகரங்களுக்கிடையிலான கடுகதி வண்டிகள் இஹலகோட்டே போன்ற சிறு நிலையங்களில் நிற்பதும் இல்லை. எனவே வீடு திரும்பும் பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ரம்புக்கனைக்கு மேலே வண்டி ஓடுகிறதா என்று கோட்டை நிலையத்தில் விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

அடிவாரத்தில் பத்து நிமிடம்

அடிவாரத்து மக்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். “அலகல்ல கந்தட யன பார கொஹெத?” (அலகல்ல மலைக்குப் போகும் பாதை எங்கே?) என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக வழி காட்டுவார்கள். புதியவர்கள் ஊரவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். அவருக்குரிய கூலியை முன்கூட்டியே பேசி, மனம் நிறையக் கொடுங்கள். கிளைப்பாதைகள் பல உண்டு. புல் வளர்ந்த காலத்தில் பாதை மறைந்துவிடும். அன்று காட்டுக்குள் போக அனுமதி இருக்கிறதா, தடை ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையும் அவரிடமோ உள்ளூர் பொலிஸிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தனியாக ஏறாதீர்கள். 2023 ஜூலையில் இந்த மலைக்குத் தனியாகப் போன வெளிநாட்டுப் பெண்ணொருவர் காணாமற்போனார். சில நாள் தேடலுக்குப் பிறகு அவரது உடலையே மீட்டார்கள். குறைந்தது நான்கு பேர் போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூடவே இருக்க, இருவர் உதவி தேடிக் கீழே போகலாம்.

வீட்டில் ஒருவரிடம் எந்த வழியால் ஏறுகிறோம், எத்தனை மணிக்குக் கீழே வருவோம் என்று செய்தி அனுப்புங்கள். அந்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியும் அழைப்பு வராவிட்டால் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைக்கச் சொல்லுங்கள். பள்ளங்களில் சமிக்ஞை அறுந்துபோகும் என்பதால் இந்தச் செய்தியை அடிவாரத்திலேயே அனுப்பிவிட வேண்டும்.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் குழுவில் அது பகல் பன்னிரண்டு. எங்கே நின்றாலும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுவோம். மேலே போன பிறகு இதைப் பேசத் தொடங்கினால் ஆசை ஜெயித்துவிடும். அடிவாரத்தில், மனம் தெளிவாக இருக்கும்போதே முடிவெடுத்துவிடுங்கள்.

காட்டுக்குள்

முதல் ஒரு மணி நேரத்தைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில் நடங்கள். அவரையே முன்னால் விடுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவு வேகம் போதும். ஆனால் பேசாமல் நடந்தால் நல்லது. கொழும்பிலிருந்து வருபவர்கள் காட்டுக்குள்ளும் பாட்டுப் பெட்டியை அலறவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அவ்வளவு தூரம் வந்து, காடு சொல்வதைக் கேட்காமலே திரும்புகிறார்கள்.

ஓர் அரை மணி நேரம் நடந்த பிறகு ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஒரு தடவை அப்படி நின்றபோது சருகுகளுக்குள் யாரோ கிண்டுவது போல் சத்தம் கேட்டது. பத்தடி தள்ளிக் காட்டுச்சேவல் ஒன்று. செம்மஞ்சள் உடல், கருநீலம் மின்னும் இறகு, சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் தீற்றல். இடது காலால் இரண்டு கீறு, வலது காலால் இரண்டு கீறு, பிறகு தலையைச் சாய்த்து ஒரு பார்வை. நான் மூச்சை இழுத்தது கேட்டிருக்க வேண்டும். ஒரே ஓட்டமாய்ப் புதருக்குள் மறைந்துவிட்டது. நமது தேசியப் பறவை அது. இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் இல்லை.

செங்குரங்கும், கருமுகமும் நீள வாலும் கொண்ட மந்தியும் இந்நாட்டுக்கே உரியவை. இரண்டையும் மரக்கிளைகளில் தேடுங்கள். செங்குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருபவரின் பையைப் பறிக்கும். மலையணில் கிளைக்குக் கிளை பாயும்போது இலைகள் உதிரும். அண்ணாந்து பார்த்தால் அகப்படும். சிங்களத்தில் ‘வெலி முவா’ எனப்படும் சிறு மான் நாய் குரைப்பது போல் ஒலியெழுப்பும். காட்டுப்பன்றி கிளறிய மண்ணும் முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளும் பாதையோரத்தில் கிடக்கும். பன்றி நேரில் எதிர்ப்பட்டால் வழியை விட்டு விலகி அது போகும் வரை நில்லுங்கள்.

அட்டைக்குப் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. ஈரமான நாளில் ஓரிடத்தில் நின்று கீழே பாருங்கள். சருகின் நுனியில் தையல் ஊசி அளவில் ஒன்று எழுந்து நிற்கும். பின்பக்கத்தை இலையில் ஒட்டி, முன்பக்கத்தை நாலாபுறமும் ஆட்டி, உங்கள் மூச்சையும் சூட்டையும் தேடும். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தையோ சித்தாலேப்பைத் தைலத்தையோ தேய்த்திருந்தால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் தீக்குச்சியால் சுடவோ உப்பைக் கொட்டவோ வேண்டாம். அது வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெல்லிய முனைப்பக்கம் நகத்தைக் கிடையாக வைத்துத் தோலோடு வழித்தால் வாய் விடுபடும். பிறகு மறுமுனையையும் எடுத்து எறிந்துவிடலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடித்துக் கட்டினால் போதும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கோப்பி விரியன், சிங்களத்தில் குணகட்டுவா. ஒரு முழத்துக்கும் குறைந்த நீளம், காய்ந்த இலையின் நிறம், மேல்நோக்கி வளைந்த மூக்கு. இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் விஷப்பாம்பு இதுதான். விழுந்த மரத்தைத் தாண்டும்போது மறுபக்கம் பார்க்காமல் காலை வைக்காதீர்கள். மரத்தின் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கையை ஊன்றும் பாறை இடுக்கையும் முதலில் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்டவரை அமைதிப்படுத்தி, அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, முடிந்தவரை நடக்கவிடாமல் கீழே கொண்டுவாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கடுகண்ணாவைப் பக்கமிருந்து பேராதனை வைத்தியசாலை தொலைவில் இல்லை. நாட்டில் வழக்கமாகக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இந்தப் பாம்புக்கு வேலை செய்யாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயனில்லை என்று சிலர் சொல்வது ஆபத்தான பேச்சு. இந்த விஷம் சிறுநீரகத்தையும் இரத்தம் உறைவதையும் பாதிக்கலாம். அதைக் கண்காணிக்க மருத்துவமனை கட்டாயம் தேவை.

அடுத்தது குளவி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலையில் என்ற செய்தியைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். பெரிய மரக்கிளைகளிலும் பாறை விளிம்புகளிலும் கூடு தொங்கும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் ஆகியவை அவற்றைக் கிளப்பிவிடலாம். கூட்டைக் கண்டால் சத்தமில்லாமல் சுற்றிப் போங்கள். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு விரைவாக அகலுங்கள்.

மானாப்புல்லும் உச்சியும்

மரங்கள் குறைந்து திடீரென்று வெளிச்சம் வரும். அங்கிருந்து மானாப்புல். இரு விளிம்பும் கத்தி போன்றவை. நீளக்கைச் சட்டை இங்கேதான் உதவும். புல் ஆளுயரம் நிற்பதால் பாறையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. வழிகாட்டியின் பின்னால் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். புல்லைப் பிடித்துக்கொண்டு ஏறலாம் என்று நினைக்காதீர்கள், கை கிழியும். சிகரெட், அடுப்பு, கற்பூரம் எதுவும் கூடாது. வறண்ட காலத்தில் ஒரு பொறி போதும், முழு மலைச்சரிவும் எரிந்துபோகும்.

உச்சியில் ஒன்பது மணிக்கு நிற்பவர் காண்பதைப் பதினொன்றுக்கு வருபவர் காணமாட்டார். பள்ளத்தாக்கில் பஞ்சுபோல் கிடக்கும் பனிமூட்டம் மெல்ல விலகும். பைபிள் பாறை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட பத்தலேகல, மேசை போன்ற தட்டை முடியோடு முதலில் வெளியே வரும். மாவனல்லைப் பக்கம் ஊத்துவன்கந்த. பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று கதை சொல்லப்படும், 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட சரதியல் ஒளிந்திருந்த குன்று அது. மறுபக்கம் ஹந்தானையும் அதற்கு அப்பால் நக்கிள்ஸ் முகடுகளும். கீழே எங்கேயோ புகையிரதம் ஊதும். சத்தம் வந்து சேர்ந்த பிறகும் வண்டி எங்கே என்று கண் தேடும். விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளியே உட்காருங்கள். படம் எடுப்பவர் பின்னால் நகரும்போது அவரது பையை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இறக்கம்

ஏற மூன்று மணி நேரம் எடுத்திருந்தால் இறங்க இரண்டரை ஒதுக்குங்கள். முழங்காலைச் சற்று மடித்து, சிறிய அடிகளாக வையுங்கள். சரிவு கடுமையாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். மரக்கிளையை வெட்டாமல், வழியில் விழுந்து கிடக்கும் ஒரு தடியை எடுத்துக்கொண்டால் மூன்றாவது காலாக இருக்கும். வழி தவறியதாகத் தோன்றினால் நீரோடையைப் பின்பற்றி இறங்கவே கூடாது. ஓடை பாறை விளிம்பில் அருவியாக முடியும். அங்கிருந்து மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது. கடைசியாகப் பாதை தெளிவாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி ஏறுங்கள். விசிலை மூன்று தடவை ஊதி, நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள்.

கொண்டுபோன ஒவ்வொரு பொலித்தீன் உறையும் போத்தலும் பையில் திரும்பி வரவேண்டும். வாழைப்பழத் தோலும்கூட.

வீட்டுக்கு வந்த பிறகு

அடிவாரத்திலேயே வீட்டுக்கு ஒரு அழைப்பு. நேரம் இருந்தால் கடுகண்ணாவையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, 2014 முதல் அங்கே இயங்கும் புகையிரத அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அன்றிரவு குளிக்கும்போது கழுத்தின் பின்புறம், கக்கம், இடுப்புப் பட்டை படும் இடம், முழங்கால் மடிப்பு ஆகியவற்றை உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அட்டைக் கடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சில நாள் அரிக்கும், சொறியக் கூடாது. சப்பாத்திலுள்ள சேற்றைத் தட்டி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, வெயில் படாத மாடி மூலையில் வையுங்கள். மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். மூன்றாம் நாள் சப்பாத்துக் காய்ந்திருக்கும்.